நியூயார்க் குளிரை விரட்டும் கட்டைவிரல் அளவு வென்ட்!

ஜனவரி மாதம். வெளியே பனி கொட்டுகிறது. ஆனால், நியூயார்க் நகரின் பழைய அடுக்குமாடிக் குடியிருப்புகளை அண்ணாந்து பார்த்தால், சில வீடுகளின் ஜன்னல்கள் திறந்தே கிடக்கின்றன. உள்ளே அவ்வளவு வெக்கை! அதே கட்டடத்தின் வேறொரு மாடியிலோ ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டும் நடுக்கம் நிற்பதில்லை. இரண்டு வீடுகளுக்கும் சூடு அனுப்புவது ஒரே பாய்லர்தான். பிறகு ஏன் இந்த வித்தியாசம்? பெரும்பாலும் கட்டைவிரல் அளவுள்ள ஓர் உதிரி பாகம்தான் காரணம்.

தெருவுக்கு அடியில் நீராவி

நியூயார்க்குக்கும் நீராவிக்கும் உறவு பழையது. மன்ஹாட்டன் தெருக்களுக்கு அடியில் 1882-ம் ஆண்டிலிருந்து நீராவிக் குழாய்கள் ஓடுகின்றன. நடுச்சாலையில் ஆரஞ்சு, வெள்ளைப் பட்டை போட்ட குழாய் ஒன்று புகை கக்கிக்கொண்டு நிற்பதை ஹாலிவுட் படங்களில் பார்த்திருப்பீர்கள். அது நீராவியைப் பாதசாரிகளின் தலைக்கு மேலே கொண்டுபோய் விடும் ஏற்பாடு.

மன்ஹாட்டனைத் தாண்டி பிராங்க்ஸ், புரூக்ளின், குயின்ஸ் பக்கம் போனால், பழைய கட்டடங்களுக்குத் தெருக்குழாய் கிடையாது. பேஸ்மென்ட்டில் சொந்தமாக ஒரு பாய்லர் இருக்கும். அங்கே தண்ணீர் கொதித்து, நீராவி குழாய் வழியே மாடிகளுக்கு ஏறும். ஒவ்வொரு அறையிலும் ஜன்னலுக்குக் கீழே வார்ப்பிரும்பு ரேடியேட்டர் நிற்கும். நீராவி பட்டதும் இரும்பு சூடாகும், அறை கதகதப்பாகும். குளிர்ந்த நீராவி தண்ணீராக மாறி, பல கட்டடங்களில் வந்த குழாய் வழியாகவே கீழே இறங்கிவிடும். பம்ப் தேவையில்லை.

இதற்குப் பெரிய அழுத்தம் வேண்டும் என்று நினைத்தால் அது தவறு. நம் வீட்டு குக்கரில் விசில் வரும்போது அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 15 பவுண்டு. இந்த பாய்லருக்கு 2 பவுண்டே போதும். சூடு வரவில்லை என்று அழுத்தத்தைக் கூட்டினால் எரிபொருள்தான் வீணாகும்.

‘உஸ்’ என்றால் நல்லது... ‘டங்’ என்றால்?

ரேடியேட்டரின் ஒரு முனையில் குழாயோடு சேர்ந்த வால்வு இருக்கும். எதிர்முனையில் தோட்டா வடிவத்தில் நிற்பதுதான் ‘ஏர் வென்ட்’. உள்ளே இருக்கும் காற்று வெளியேறினால்தான் நீராவி உள்ளே வர முடியும். ‘உஸ்’ என்ற மெல்லிய சத்தம், காற்று போகிறது என்பதன் அடையாளம். நீராவியின் சூடு பட்டதும் வென்ட் தானாக மூடிக்கொள்ள வேண்டும். மூடாமல் நீராவியைக் கக்கினாலும், திறக்காமல் அடைத்துக்கொண்டாலும் அதை மாற்றியாக வேண்டும். சுவருக்கு பெயின்ட் அடிக்கும்போது ரேடியேட்டருக்கும் சேர்த்து அடித்து, வென்ட்டின் துளையை அடைத்துவிடுவது அடிக்கடி நடக்கும் கூத்து.

வென்ட்டில் பல வேகங்கள் உண்டு. ‘கார்ட்டன்’ என்ற பிராண்டில் 4, 5, 6, சி, டி என்று வரிசை இருக்கிறது. 4 மெதுவானது, டி வேகமானது. பாய்லருக்குப் பக்கத்து அறைக்கு மெதுவான வென்ட். கடைசி மாடிக்கும் கடைசி அறைக்கும் வேகமானது. எல்லா இடத்திலும் ஒரே வென்ட்டைப் போட்டால், பக்கத்து வீடு வேகும். தூரத்து வீடு நடுங்கும். பேஸ்மென்ட்டின் பெரிய குழாய் முடியும் இடத்திலும் பெரிய வென்ட் ஒன்று வேண்டும். பலரும் மறப்பது அதைத்தான்.

நள்ளிரவில் யாரோ சுத்தியலால் அடிப்பதுபோல ‘டங்... டங்...’ என்று கேட்டால்? எங்கோ தண்ணீர் தேங்கி நிற்கிறது. வேகமாக வரும் நீராவி அதைத் தள்ளிக் குழாயில் மோதவைக்கிறது. வால்வைப் பாதி திறந்து வைப்பது இதற்கு முக்கியக் காரணம். ஒரே குழாய் உள்ள ரேடியேட்டரில் வால்வு முழுதாகத் திறந்திருக்க வேண்டும், அல்லது முழுதாக மூடியிருக்க வேண்டும். இன்னொரு காரணம், ரேடியேட்டரின் சாய்வு. கொத்தனார் வைக்கும் ரசமட்டத்தை மேலே வைத்துப் பார்த்தால், அது வால்வு பக்கம் லேசாகச் சாய்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் எதிர்முனைக் கால்களுக்கு அடியில் சின்ன மரத்துண்டு கொடுத்தால் போதும்.

உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்

2016 டிசம்பரில் பிராங்க்ஸில் ஒரு குடியிருப்பில், ரேடியேட்டரிலிருந்து பீறிட்ட நீராவியால் இரண்டு சிறு பெண் குழந்தைகள் இறந்துபோனார்கள். ‘சின்ன வால்வுதானே’ என்று விடக்கூடாது என்பதை அந்த நகரத்துக்கு உணர்த்திய துயரம் அது.

அதனால், பாய்லர் ஓடும்போது வென்ட்டையோ வால்வையோ கழற்றவே கூடாது. வெந்நீர் ஓடும் ரேடியேட்டருக்கும் நீராவி ரேடியேட்டருக்கும் பாகங்கள் வேறு வேறு. வெந்நீர் ரேடியேட்டரில் காற்றைச் சின்னச் சாவியால் திருகி வெளியேற்றுவார்கள். அந்தத் திருகை நீராவி ரேடியேட்டரில் மாட்டுவது ஆபத்து.

பேஸ்மென்ட்டில் பாய்லரின் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் குழாய் நீர்மட்டத்தைக் காட்டும். மட்டம் குறைந்தால் நெருப்பை அணைக்கும் பாதுகாப்புக் கருவியும் உண்டு. மிதவை உள்ள கருவியில் சேறு சேரும். பாய்லர் ஓடும் காலத்தில் வாரம் ஒருமுறை அதைத் திறந்துவிட்டுக் கழுவ வேண்டும். தண்ணீர் இல்லாத குக்கரை அடுப்பில் வைத்தால் என்ன ஆகுமோ, அதுவேதான் இங்கும். காய்ந்து கொதிக்கும் பாய்லரில் பதறிப்போய் பச்சைத் தண்ணீரை விட்டால், இரும்பு விரிசல் விடும்.

வாடகைக்குப் போகிறீர்களா?

நியூயார்க்கில் சூடு என்பது வீட்டு உரிமையாளர் காட்டும் கருணை அல்ல, சட்டம். அக்டோபர் 1 முதல் மே 31 வரை, பகலில் வெளியே 55 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கினால் வீட்டுக்குள் குறைந்தது 68 டிகிரி இருக்க வேண்டும். அதாவது, 20 டிகிரி செல்சியஸ். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை, வெளியே எப்படியிருந்தாலும் உள்ளே 62 டிகிரி கட்டாயம். இல்லையென்றால் 311 என்ற எண்ணில் புகார் சொல்லலாம்.

வீடு பார்க்கப் போகும்போது சமையலறையையும் குளியலறையையும் பார்க்கிறோம். ஜன்னலடியில் நிற்கும் அந்த இரும்பையும் குனிந்து பாருங்கள். வென்ட் நிமிர்ந்து நிற்கிறதா? துளை பெயின்ட்டால் அடைபட்டிருக்கிறதா? வால்வுக்குக் கீழே ஈரமோ துருவோ தெரிகிறதா? குழந்தையின் கட்டிலை எவ்வளவு தள்ளிப் போடலாம்? கோளாறு இருந்தால், கட்டடத்தைப் பராமரிக்கும் ‘சூப்பரிடம்’ முதலிலேயே சொல்லிவிடுங்கள். பனி கொட்டும் இரவில் ‘டங்’ என்று எழுந்து உட்காருவதைவிட, செப்டம்பரிலேயே சரிசெய்துகொள்வது எவ்வளவோ மேல்!