மானுக்குப் பயிர் வைக்கிறவர்கள்



ஆகஸ்ட் முடியும் சமயத்தில் அமெரிக்காவின் மிசௌரி மாநிலக் கிராமத்துப் பண்ணைக் கடைகளில் ஒரே பேச்சுதான்: இந்த வருஷம் மானுக்கு என்ன விதைக்கலாம்? சொந்தக் காடு வைத்திருப்பவர்கள் அதில் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் திருத்தி, வெள்ளைவால் மானும் காட்டு வான்கோழியும் மேயட்டும் என்று க்ளோவர், ஓட்ஸ், குளிர்காலக் கோதுமை, டர்னிப் விதைக்கிறார்கள். இதற்கு ‘ஃபுட் பிளாட்’ என்று பெயர். நவம்பர் வேட்டைக்காகச் செய்கிறவர்களே அதிகம். காடைக்காகவும் தேனீக்காகவும் செய்கிறவர்களும் உண்டு.

விதைக்குமுன் களையையும் புதரையும் அகற்ற வேண்டும். புதிதாக நிலம் வாங்கிய நம்மவர் ஒருவர், “எந்த மருந்துண்ணே ரொம்ப வீரியம்?” என்று கேட்டார். மருந்து மண்ணில் எத்தனை நாள் நிற்கும், அடுத்து விதைக்கப்போவதை விட்டுவைக்குமா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்றேன்.

கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைப் பாருங்கள். அதன் களைகொல்லும் தன்மையை மான்சாண்டோ நிறுவன விஞ்ஞானி ஜான் ஃபிரான்ஸ் 1970இல் கண்டறிந்தார். 1974இல் ரவுண்டப் என்று சந்தைக்கு வந்தது. பச்சை இலை வழியாகப் புகுந்து வேர்வரை இறங்கிக் கொல்லும். மண்ணில் விழுந்தாலோ களிமண் துகளோடு ஒட்டிக்கொண்டு செயலிழந்துவிடும். அதனால்தான் அடித்த சில நாளிலேயே விதைக்க முடிகிறது. கலங்கிய குளத்து நீரில் கலந்தால் மருந்து வீணாவதும் அதனால்தான். இங்குள்ள பழைய மேய்ச்சல் நிலங்களை மூடிக்கிடக்கும் ஃபெஸ்க்யூ புல்லுக்கு நான் இதைத்தான் சொல்வேன். அந்தப் புல் அடர்ந்த இடத்தில் காடைக்குஞ்சு நடக்கக்கூட வழியிருக்காது. உறைபனி விழுந்து உள்ளூர்ப் புற்களெல்லாம் காய்ந்து அடங்கிய பிறகும் ஃபெஸ்க்யூ பச்சையாக நிற்கும். அந்த நேரம் பார்த்து அடித்தால் மற்றவை பிழைத்துக்கொள்ளும்.

2015இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, கிளைபோசேட் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது என்று வகைப்படுத்தியது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அதை ஏற்கவில்லை. கையுறை இல்லாமல் யாரும் டப்பாவைத் திறக்கக் கூடாது என்பது என் கண்டிப்பு. லேபிளில் எழுதியிருப்பதை மீறுவது இங்கே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றமும்கூட.

க்ளோவர் முளைத்த பிறகு புல் நுழைந்தால் கிளெத்தோடிம் போதும். அது புல்லை மட்டும் கொல்லும். 2,4-டி அடித்தால் க்ளோவரும் போய்விடும்.

புதர் விஷயம்தான் எனக்கு வேதனை. ஆட்டம் ஆலிவ், மல்டிஃப்ளோரா ரோஜா இரண்டையும் மண்ணரிப்பைத் தடுக்கும், பறவைக்கும் விலங்குக்கும் உதவும் என்று சொல்லி நடச் சொன்னது அரசாங்கமே. நம்மூரில் சீமைக்கருவேலம் பரவிய கதையேதான். இன்று காட்டோரமெல்லாம் அவைதான். வெறுமனே வெட்டினால் தூரிலிருந்து கொத்துக் கொத்தாகத் துளிர்க்கும். வெட்டிய கையோடு வெட்டுவாயில் டிரைகுளோபிர் பூசிவிட வேண்டும். முதுகு ஒடியும் வேலை. ஆனாலும் காற்றில் தெளிப்பதைவிட இதுவே மேல், மருந்து அந்தத் தூரோடு நின்றுவிடுகிறது. இமாசபிர் புதரை நன்றாகவே கொல்லும். ஆனால் மண்ணில் தங்கி, பக்கத்து மரத்தின் வேருக்கும் போய்ச் சேரும். ஓக் கொட்டை மானுக்கு மிகப் பிடித்த தீனி. மானுக்கென்று பயிர் வைக்கப்போய் ஓக் மரத்தைச் சாகடிப்பதை என்னால் ஏற்க முடியாது.

பிக்லோராம், அமினோபைராலிட் என்ற களைக்கொல்லிகளுக்கும் ஆயுள் நீளம். அவை அடித்த வயலின் வைக்கோலைத் தின்ற மாட்டின் சாணத்திலும், அந்தச் சாணம் மக்கிய எருவிலும் மருந்து உயிரோடு இருக்கும். தக்காளியும் அவரையும் அந்த எருவில் இலை சுருண்டு கெட்டுப்போகும். இங்கே கொல்லைத் தோட்டம் போடும் நம் சகோதரிகளுக்கும் அண்ணன்மார்களுக்கும் ஒரு வேண்டுகோள்: மாட்டெரு வாங்கும்போது விலையை மட்டும் கேட்காதீர்கள். அந்த மாடு தின்ற வைக்கோல் எந்த வயலில் அறுத்தது, அங்கே என்ன மருந்து அடித்தார்கள் என்று விசாரித்துவிட்டு வாங்குங்கள்.