நீனவா: மதில் காக்காத நகரம்



யூனுஸ் நபி (அலை) அவர்களின் வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது மீன் விழுங்கியதோடு பெரும்பாலும் நிறுத்திவிடுகிறோம். அந்த நபி அனுப்பப்பட்ட ஊர் எது? வாருங்கள், அங்கே சற்று நடந்து வருவோம்.

ஈராக்கின் வடக்கே தஜ்லா நதியின் மேற்குக் கரையில் பழைய மௌஸில் நகரம் இருக்கிறது. அதற்கு எதிரே, கிழக்குக் கரையில் நீண்டு கிடக்கும் மண்மேடுகள்தாம் நீனவா. அசூரியப் பேரரசின் தலைநகராக விளங்கிய ஊர். கி.மு. 705 இல் அரியணை ஏறிய சன்ஹாரீப் என்ற மன்னன், இதைச் சுற்றிச் சுமார் 12 கிலோமீற்றர் நீளத்தில் மதில் எழுப்பினான். அதில் 15 வாசல்கள் இருந்தன. கி.மு. 701 இல் பைத்துல் முகத்தஸ் நகரை வளைத்தும் கைப்பற்ற முடியாமல் திரும்பியவனும் இவனே.

அத்தனை பெரிய மதில் இருந்தும் என்ன பயன்? கி.மு. 612 இல் பாபிலோனியரும் மீதியரும் சேர்ந்து வந்தார்கள். நகரம் விழுந்தது, எரிந்து மண்ணாயிற்று.

இதே ஊர் முன்பு ஒருமுறை அழிவின் விளிம்பிலிருந்து தப்பியதை நாம் அறிவோம். வேதனை நெருங்கியபோது ஈமான் கொண்டு தப்பிய சமூகம் யூனுஸ் நபியின் சமூகம் என்று ஸூறா யூனுஸ் கூறுகிறது. அவர்கள் ஒரு இலட்சம் பேர் அல்லது அதற்கும் அதிகம் என்கிறது ஸூறா அஸ்ஸாஃப்பாத். அந்த ஊர் நீனவா என்பது முஃபஸ்ஸிர்களின் கூற்று. பெண்களும் பிள்ளைகளும் கால்நடைகளும் வெட்டவெளிக்கு வந்து, எல்லோருமாகக் கதறி அழுதார்கள் என்றும் தஃப்ஸீர்களில் வருகிறது. அன்று அந்த ஊரைக் காத்தது கல்லல்ல, கண்ணீர்.

தாயிபில் கல்லடி பட்டு ஒரு தோட்டத்தில் ஒதுங்கிய றஸூலுல்லாஹ் (ஸல்) அவர்களுக்கு, அத்தாஸ் என்ற அடிமை திராட்சைக் குலை கொண்டுவந்து கொடுத்தார். அவருடைய ஊர் நீனவா என்று அறிந்ததும், அது யூனுஸ் நபியின் ஊரல்லவா என்று கேட்டு, அவரைத் தம் சகோதரர் என்றார்கள் நபியவர்கள்.

அந்த மேடுகளில் ஒன்றின் மீது யூனுஸ் நபியின் பெயரால் ஒரு பள்ளிவாசல் இருந்தது. 2014 ஜூலையில் ஆயுதக் கும்பலொன்று அதை வெடிவைத்துத் தகர்த்தது. கல்லால் கட்டியது எதுவானாலும் ஒருநாள் இடியும், சகோதரிகளே.

நாமும் வீட்டைச் சுற்றி மதில் கட்டுகிறோம், கேற்றுக்குப் பூட்டுப் போடுகிறோம். அதுவும் தேவைதான். ஆனால் வீட்டுக்குள் தவ்பா இருக்கிறதா? இன்றிரவு பிள்ளைகளை அருகில் இருத்தி, மீன் வயிற்றின் இருளில் யூனுஸ் நபி ஓதிய தஸ்பீஹைச் சொல்லிக் கொடுங்கள். அதுவே நம் வீட்டின் உறுதியான மதிலாகட்டும்.