ஒல்லாந்தக் கட்டுரைப் பரிசும் மலையக மாணவரும்

பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் ஒல்லாந்த மொழியையும் பண்பாட்டையும் பயிலும் பல்கலைக்கழக மாணவருக்கெனத் தாழ்நாட்டு ஆய்வுக் கழகம் கட்டுரைப் பரிசு வழங்கி வந்துள்ளது. ஒல்லாந்தர் 1658 முதல் 1796 வரை கரையோரத்தை ஆண்ட இலங்கையிலோ, அம்மொழியைக் கற்க முனையும் தமிழ் மாணவரைக் காண்பது அரிது. அத்தகைய பரிசுக்கு ஏற்ற பொருளொன்று நுவரெலியா, ஹற்றன் தோட்டங்களிலே கிடக்கின்றது என்றால் நம்புவோர் சிலரே.

நம்பாமைக்குக் காரணம் உண்டு. மலைநாடு கண்டியரசுக்கு உரியதாயிருந்தது. 1765இல் ஒல்லாந்தப் படை கண்டி நகரைப் பிடித்தும் நிலைகொள்ள முடியாது திரும்பியது. லூல்கந்துரத் தோட்டத்தில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டதும், தமிழகத்துத் தொழிலாளர் பெருந்தொகையாக மலையேறியதும் பிரித்தானியர் காலத்து நிகழ்ச்சிகள். ஆகவே ஒல்லாந்தர் கதை யாழ்ப்பாணத்தாருக்கும் கொழும்பாருக்குமே உரியது என்று விட்டுவிடுகின்றனர்.

சொற்கள் இவ்வெல்லையை மதிக்கவில்லை. நுவரெலியாவிலிருந்து இறங்கும் மரக்கறி லொறியில் கரட், லீக்ஸ் என்பவற்றோடு போஞ்சியும் வருகின்றது. தமிழகத்தார் பீன்ஸ் என்பதை இலங்கையர் போஞ்சி என்பது, ஒல்லாந்தரின் 'போன்ட்யே' என்ற சொல்லின் வழியாலாகும். தோட்டத்து ஆபீசு ஆங்கிலம். நகரத்துத் தபாற் கந்தோர் ஒல்லாந்தம். இவை கரையிலிருந்து மலையேறிய சொற்கள்.

வேறொரு வழியும் உண்டு. அதனைப் பலர் நினைப்பதில்லை. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் ஒல்லாந்தர் நெடுங்காலம் வணிகம் நடத்தினர். அவர்களது செப்புக்காசின் பெயர் தமிழிலே துட்டு ஆயிற்று. கக்கூசு என்பதும் ஒல்லாந்தச் சொல்லே. கட்டுரையில் எழுதக் கூசும் சொல்தான். ஆயினும் சான்று என்ற வகையில் அதனைவிட உறுதியானது கிடைப்பது அரிது. இச்சொற்கள் தமிழகத்திலும் வழங்குவன. ஆகவே தோட்டத் தமிழரின் மூதாதையர், ஒல்லாந்தர் கால்வைத்து நிலைக்காத மலைக்கு, ஒல்லாந்தச் சொற்களைத் தம் நாவிலேயே சுமந்து வந்திருத்தல் கூடும். கரையோர வரலாற்றை மட்டும் நோக்குவோர்க்கு இது புலப்படாது.

தமிழர் எவரும் இத்துறையில் உழைக்கவில்லை என்றும் கூறுவதற்கில்லை. பேராதனையிலே கற்பித்த சின்னப்பா அரசரத்தினம் ஒல்லாந்த ஆவணங்களை மூலமொழியிற் படித்து, 1658 முதல் 1687 வரையான ஒல்லாந்தர் ஆட்சி பற்றிய தம் நூலை 1958இல் வெளியிட்டார். வலன்டைன் எழுதிய இலங்கை வருணனையை 1978இல் ஆங்கிலத்திற் பெயர்த்துத் தந்தார். ஒல்லாந்தக் கும்பனியின் ஆவணங்கள் கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் உள்ளன. 2003இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டிலும் அக்கும்பனியின் ஆவணங்கள் இடம்பெற்றன. அரசரத்தினம் ஆராய்ந்தது ஆட்சியை. மக்கள் வாய்ச்சொல்லை ஆராய்வோர்க்கு வேலை இன்னும் மிகுதியாகவே உண்டு.

எடுத்துக்காட்டாகக் கோப்பி. தமிழகத்தார் காப்பி என்பதை இலங்கையர் கோப்பி என்கின்றனர். ஒல்லாந்தரின் 'கொஃபி' என்பதிலிருந்து வந்தது என்பது ஒரு கட்சி. மலைநாட்டில் கோப்பித் தோட்டங்களைப் பெருக்கியவர் பிரித்தானியரே. 1869இல் தோன்றிய இலைநோயால் அப்பயிர் அழியும் வரை தொழிலாளர் காதில் விழுந்தது ஆங்கிலச் சொல்லே என்பது மறுகட்சி. ஒலியொப்புமை மட்டும் கொண்டு ஒரு பக்கம் சாய்வது ஆராய்ச்சியாகாது. ஒல்லாந்தரும் இத்தீவின் தாழ்நிலத்தில் கோப்பி பயிரிட்டுப் பார்த்தவர்களே. எனவே 1796க்கு முந்திய தமிழ் ஓலையொன்றிலோ கும்பனிக் கடிதமொன்றின் தமிழ்ப் பகுதியிலோ அச்சொல் அகப்படுமாயின் வழக்குப் பெரும்பாலும் தீரும். ஆனால் அக்கடிதம் எந்தக் கட்டில் இருக்கும் என்பதை அறியவே, முதலில் ஒல்லாந்தம் படிக்கத் தெரிந்திருத்தல் வேண்டும்.