ஒரு பாட்டு, ரெண்டு பாதி

பிங்க் ஃப்ளாய்ட் ரசிகர்களில் ரெண்டு கட்சி உண்டு. ரோஜர் வாட்டர்ஸ் கட்சி, டேவிட் கில்மர் கட்சி. நம்ம ராஜா-ரஹ்மான் சண்டைக்குக் கொஞ்சமும் குறையாது. நான் ரெண்டிலும் இல்லை. பாங்க் ஆபீசருக்கு நடுநிலைதானே அழகு :-)

1985ல் வாட்டர்ஸ் விலகினார். குழுவின் பேர் யாருக்கு என்று வக்கீல் வரை போய், 1987 கடைசியில் சமரசம். பேர் கில்மர், மேசன் பக்கம். 'தி வால்' வாட்டர்ஸ் பக்கம். பி.காமில் போட்ட பார்ட்னர்ஷிப் கலைப்புக் கணக்கேதான். என்ன, குட்வில்லைப் பாதியாக வெட்ட முடியாது.

2007 பிப்ரவரியில் வாட்டர்ஸ் மும்பை வந்தார். பாந்த்ரா-குர்லா காம்ப்ளெக்ஸ் மைதானத்தில் நானும் ஒரு மூலையில் நின்றேன். 'டார்க் சைட் ஆஃப் தி மூன்' முழு ஆல்பமும் வாசித்தார்கள். பெரிய திரை, அரசியல், கோபம்... கச்சேரி என்பதைவிட நாடகம் என்று சொல்லலாம். கில்மரை நேரில் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. 2006ல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் நடந்ததை டிவிடியில் பார்த்தேன். மனுஷர் அதிகம் பேசுவதே இல்லை. கீபோர்டில் பழைய நண்பர் ரிச்சர்ட் ரைட். இருவரும் 'எக்கோஸ்' பாட்டை இருபது நிமிஷத்துக்கு மேல் நிதானமாக வாசிக்கிறார்கள். ரைட் 2008ல் போய்விட்டார்.

வித்தியாசம் புரிய 'கம்ஃபர்டப்ளி நம்ப்' ஒன்று போதும். வரிகள் வாட்டர்ஸ், மெட்டில் பெரும்பகுதி கில்மர். டாக்டர் பேசும் பகுதி வாட்டர்ஸ் குரல், நோயாளி பேசுவது கில்மர் குரல், அப்புறம் அந்த கிடார். தனித்தனியாக மேடை ஏறினால் என்ன செய்வது? ஆல்பர்ட் ஹாலில் ஒரு நாள் டாக்டர் பகுதியை டேவிட் போவி வந்து பாடினார். வாட்டர்ஸ் மேடையில் கில்மரின் கிடாரை வேறு ஆட்கள் வாசித்தார்கள். சுரம் பிசகவில்லை. ஆனாலும் என் காது கில்மரைத் தேடிக்கொண்டே இருந்தது. 2022ல் வாட்டர்ஸ் அதே பாட்டை மறுபடி பதிவு செய்தபோது கிடார் சோலோவையே எடுத்துவிட்டார்!

எங்க அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து மளிகைக்கடை வைத்திருந்தார்கள். அப்பா கணக்கு, சித்தப்பா கல்லா. பிரிந்த பிறகு அப்பா கடையில் நோட்டு சுத்தம், கூட்டம் இல்லை. சித்தப்பா கடையில் கூட்டம், ஆனால் கொடுத்த கடன் எதுவும் திரும்பி வரவில்லை. அப்பா கணக்குக்கு ஆள் குறைந்த இடத்தில் ஒரு பையனை வைத்துப் பார்த்தார், சித்தப்பாவும் வைத்தார். ரெண்டு கடையும் இப்போது இல்லை. பேச்சுவார்த்தையும் இல்லை.

2011 மே 12, லண்டன் ஓ2 அரங்கம். வாட்டர்ஸ் கீழே நின்று டாக்டர் பகுதியைப் பாடுகிறார். அந்தப் பெரிய சுவரின் உச்சியில் திடீரென்று வெளிச்சம் விழுகிறது, கிடாரோடு கில்மர்! அவர்கள் அதற்கப்புறமும் சண்டை போட்டார்கள். ஆனால் அந்தச் சில நிமிஷம் பாட்டு முழுசாக இருந்தது.

வர்ற தை மாசம் தங்கை பையன் கல்யாணம். பத்திரிகையில் அப்பா பேரும் சித்தப்பா பேரும் பக்கத்துப் பக்கத்தில் போட்டாச்சு. சித்தப்பாவுக்கு நேரில் போய் நானே வைக்கப் போகிறேன். ஒரே பந்தியில் உட்கார்ந்தால் போதும், பேசக்கூட வேண்டாம்.