சொல்லாமல் விட்ட கதை

வெள்ளிக்கிழமை மாலை ஒரு கதைசொல்லல் நிகழ்ச்சி. 5 நிமிடம். சொந்த வாழ்க்கையில் நடந்ததாக இருக்க வேண்டும், கையில் தாள் கூடாது. நியூயார்க்கில் 1997-இல் ஜார்ஜ் டாஸ் கிரீன் தொடங்கிய 'தி மாத்' (விட்டில்) மேடைகளின் வழக்கம் இது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அவர் தன் நண்பர் வீட்டுத் திண்ணையில், விளக்கை விட்டில்கள் மொய்க்கக் கதை பேசிய இரவுகளின் நினைவாகத்தான் அந்தப் பெயர்.

நிகழ்ச்சியில் சொல்ல, ஒரு வாரமாகப் பெரிய கதையாகத் தேடினேன். விபத்து, வேலை, வெளியூர்ப் பயணம்... எதிலும் உயிர் இல்லை. நேற்று இரவு கரண்ட் போனது. டார்ச்சைக் கையில் எடுத்ததும் அப்பா ஞாபகம் வந்தது.

ஆறாம் வகுப்பில், பரீட்சைக் கட்டணம் 20 ரூபாயைத் தின்பண்டம் வாங்கித் தீர்த்துவிட்டு, வழியில் தொலைந்துவிட்டது என்றேன். அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. டார்ச்சோடு பள்ளிக்கூடம் வரை குனிந்து குனிந்து தேடினார். நானும் கூடவே தேடினேன், இல்லாத பணத்தை.

அவர் இருந்தவரை உண்மையைச் சொல்லவே இல்லை.

எந்த நினைவைத் தொட்டால் குரல் தடுமாறுகிறதோ, அங்கேதான் நம் கதை இருக்கிறது. வெள்ளிக்கிழமை அதைத்தான் சொல்லப் போகிறேன். உங்களுக்குள்ளும் அப்படி ஒன்று இருக்கும். கேட்க வேண்டியவர் இருக்கும்போதே சொல்லிவிடுங்கள்.