மிளகு அரைப்பானுக்கு எந்தப் பல்?

ஐ.டி.ஐ.யில் முப்பது வருடம் இரும்பைக் கடையச் சொல்லிக்கொடுத்த எனக்கு, ஓய்வுக்குப் பிறகு மரக் கடைசல் நல்ல பொழுதுபோக்காகிவிட்டது. பம்பரம், பூரிக் கட்டை, பேத்திக்குச் சொப்பு என்று ஒவ்வொன்றாகக் கடைந்து, இப்போது பெப்பர் மில்லில் வந்து நிற்கிறேன். பெரிய ஓட்டல்களில் சூப் வைக்கும்போது கூடவே வருமே, தலையைத் திருகினால் அடியில் மிளகுத்தூள் உதிரும் மரக் குப்பி, அதுதான்.

பார்க்கிறவர்கள் எல்லோரும் மரத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ஈட்டியா, தேக்கா, பலாவா? எதுவானாலும் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஈர மரத்தில் வட்டமாகத் துளை போட்டால், காயக் காய அது முட்டை வடிவத்துக்குப் போய், உள்ளே சுற்ற வேண்டியதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். உண்மையில் யோசித்து வாங்க வேண்டியது, வயிற்றுக்குள் இருக்கும் அரைவைப் பல். அதை நாம் வீட்டில் செய்ய முடியாது.

அமைப்பு நம் திருகை மாதிரிதான். திருகையில் கீழ்க்கல் நிற்க மேல்கல் சுற்றும். இங்கே வெளி வளையம் மரத்தோடு நிற்க, உள்ளே இருக்கும் கூம்பு சுற்றும். மேலே உள்ள பெரிய பள்ளங்கள் மிளகைப் பிடித்து உடைக்கும். கீழே உள்ள பொடிப் பற்கள் அதைத் தூளாக்கும். இன்று கார் செய்கிற பிரான்சின் பியூஜோ, 1840-ல் காப்பி அரைக்கும் இயந்திரமும் 1874-ல் மிளகு மில்லும் செய்தது. காரெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பல்லில் முக்கியமாக இரண்டு வகை. எஃகுப் பல் கூர்மையானது, மிளகை நறுக்கென்று கடிக்கும். ஆனால் சாதாரண எஃகில் உப்பைப் போட்டால் துருப்பிடித்துவிடும். பீங்கான் பல் துருப்பிடிக்காது, கல் உப்புக்கும் ஆகும். கீழே விழுந்தால் விளிம்பு உடையலாம். மிளகுக்கு மட்டும் என்றால் எஃகு, உப்புக்கும் சேர்த்து என்றால் பீங்கான்.

தூள் நைசாக வேண்டுமா, கொரகொரப்பாக வேண்டுமா என்று திருப்பி வைக்கும் இடத்திலும் வித்தியாசம் உண்டு. பழைய முறையில் தலை உச்சியில் ஒரு சின்னத் திருகு இருக்கும். அதை இறுக்கினால் நைஸ், தளர்த்தினால் கொரகொரப்பு. டென்மார்க்கின் கிரஷ்கிரைண்ட் போன்றவற்றில் அது அடிப்பக்கம் இருக்கும். ஒருமுறை வைத்துவிட்டால் மேலே தொட வேண்டியதில்லை.

இதெல்லாம் படித்துத் தெரிந்துகொள்ளக் கூடியவை. எனக்கு முடிவு சொன்னது அக்காவின் கை.

அக்காவுக்கு 79 வயது. மாமா போன பிறகு தனியாகத்தான் இருக்கிறார். உப்பைக் குறைக்கச் சொல்லி டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதிலிருந்து தட்டில் பாதி அப்படியே மீந்துவிடும். "மிளகு புதுசா பொடிச்சுப் போட்டாத்தான் தம்பி தொண்டையில இறங்குது" என்பார். விரல் மூட்டெல்லாம் வீக்கம், இடி உரலில் குத்த முடியாது. மிக்ஸியில் நாலு மிளகைப் போட்டால் பிளேடுக்கே எட்டாது. மொத்தமாகப் பொடித்து வைத்தால் வாசனை போய்விடுகிறது. "ஒரு சிட்டிகை மிளகுக்கு எத்தனை நாளைக்கு அடுத்த வீட்டு வாசல்ல போய் நிக்கிறது?" என்று ஒருநாள் கேட்டார். யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவர்.

என்னிடம் இருந்த இரண்டு மில்களையும் கொண்டுபோய்க் கொடுத்துப் பார்த்தேன். இரண்டுமே தலையைத் திருகுகிற வகை. பல் எதுவாக இருந்தாலும் விரல் வழுக்கியது. உச்சித் திருகை அவரால் பிடிக்கவே முடியவில்லை.

அதனால் காப்பிக்கொட்டை அரைக்கும் மெஷின் போல மேலே கைப்பிடி வைத்த எஃகுப் பல்லைத் தேடி வாங்கினேன். கணக்கு எளிது. மரத்தலையின் ஆரம் 2.5 செ.மீ. என்றால், கைப்பிடியின் நீளம் 7.5 செ.மீ. அதே மிளகை உடைக்க மூன்றில் ஒரு பங்கு பலம் போதும். விரலால் இறுக்கிப் பிடிக்கவும் வேண்டாம், உள்ளங்கையால் தள்ளினாலே சுற்றும். பழைய ஜன்னல் சட்டத்துப் பலா மரத்தில், அடி அகலமாக, இடுப்பு கொஞ்சம் ஒடுங்கி, இடது கையால் அணைத்துப் பிடிக்க வசதியாகக் கடைந்தேன். தூளின் அளவை நானே வைத்துக் கொடுத்துவிட்டேன்.

இப்போது ரசத்துக்கும் மோர் சாதத்துக்கும் அவரே அரைத்துக்கொள்கிறார். போன வாரம் போனபோது தட்டு காலியாக இருந்தது. அடுத்த வீட்டுப் பெண்ணுக்கும் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாராம்.

செய்ய நினைக்கும் நண்பர்களுக்கு இன்னும் சில விஷயங்கள். பல்லை முதலில் வாங்கி, அதன் அளவைப் பார்த்துத் துளை போடுங்கள். பசை வைத்து ஒட்டாமல் திருகாணியில் பொருத்துங்கள், தேய்ந்தால் பல்லை மட்டும் மாற்றலாம். உள்பக்கம் பாலிஷ் வேண்டாம், மிளகில் அந்த வாடை ஏறும். மழைக்காலத்தில் மிளகு நமுத்துப் பல்லில் அப்பிக்கொள்ளும். அரைநாள் வெயிலில் காயவைத்து நிரப்புங்கள்.

வயதானவர்களுக்கு என்றால், வாங்கும் முன் அவர்கள் கையில் ஒரு மில்லைக் கொடுத்துச் சுற்றச் சொல்லிப் பாருங்கள். எந்த வகை வேண்டும் என்பது அப்போதே தெரிந்துவிடும்.