மணற் கடலும் மோட்டார்ச் சக்கரமும்

எகிப்து தேசத்தின் மேற்குக் கோடியில், லிபியா எல்லைக்குச் சமீபமாக, ஸீவா என்றொரு பாலைவனச் சோலை இருக்கிறது. மத்தியதரைக் கடலோரமுள்ள மெர்ஸா மத்ரூ பட்டணத்திலிருந்து சுமார் 300 கிலோமீட்டர் தென்மேற்கே, ஒரு புல் பூண்டுகூட இல்லாத வெட்ட வெளியைக் கடந்து அங்கே போய்ச் சேர வேண்டும். பேரீச்சந் தோப்புகள், உப்பு ஏரிகள், உப்பும் களிமண்ணும் கலந்து கட்டி 1926-ம் வருஷம் மூன்று நாள் பெய்த மழையில் கரைந்துபோன ஷாலி என்னும் கோட்டையூர் - இவற்றையெல்லாம் பார்க்க இரண்டு தினம் போதும். ஆனால், மகா அலெக்ஸாந்தர் கி.மு. 331-ல் குறி கேட்க வந்த அம்மோன் கோவிலின் இடிபாட்டில் ஏறி நின்று தெற்கே நோக்கினால் பிரயாணிக்கு வேறு ஆசை பிறந்துவிடுகிறது. தோப்புக்கும் ஏரிக்கும் அப்பால் மணல் ஆரம்பிக்கிறது. அது வடக்குத் தெற்காக 600 கிலோமீட்டருக்கு மேல் ஓய்வதில்லை. அதற்கு 'மகா மணற் கடல்' என்று பெயர் வைத்தவர்கள் மிகைப்படுத்தவில்லை.

ஸீவாவின் மேல் படையெடுத்துவந்த பாரசீக அரசன் காம்பைஸிஸின் ஐம்பதினாயிரம் வீரர்களும் மணலில் புதைந்து மாண்டார்கள் என்று கிரேக்க சரித்திராசிரியர் ஹிரோடோட்டஸ் எழுதி வைத்தார். அது கதையாகவே இருக்கலாம். 1874-ல் ஜெர்மானியரான ரோல்ப்ஸ் என்பவர் ஒட்டகங்களோடு மேற்கே போக முயன்றது கதையல்ல. வரிசை வரிசையாக வடக்குத் தெற்கே ஓடும் மணற்குன்றுகள் குறுக்கே நின்றன. ஒன்றை ஏறினால் அடுத்தது. கடைசியில் அவர் இரண்டு வரிசைகளுக்கு இடைப்பட்ட பள்ளத்தின் வழியே வடக்கே திரும்பி ஸீவாவுக்கு வந்து சேர்ந்தார்.

ஒட்டகம் தயங்கிய இடத்தில் மோட்டாரை ஓட்டிக் காட்டியவர் ரால்ப் பாக்னால்டு என்ற ஆங்கில ராணுவ அதிகாரி. அதற்கு முன்னர், 1922 டிசம்பரில் புறப்பட்டு, பிரெஞ்சு ஸித்ரோயன் கம்பெனியார் ஸகாராவைக் கடந்திருந்தார்கள். அவர்கள் வண்டிகளில் பின்புறம் சக்கரத்துக்குப் பதிலாக ரப்பர்ப் பட்டை சுழன்றது. பாக்னால்டு அந்த ஏற்பாட்டை நாடவில்லை. சாதாரண போர்டு கார்களையே எடுத்துக்கொண்டார். வேண்டாத தகடுகளைக் கழற்றி எறிந்து பாரத்தைக் குறைத்தார். பருத்த டயர்களைப் போட்டு அவற்றில் காற்றையும் குறைத்தார். 1930-ல் மணிக்குச் சுமார் 40 மைல் வேகத்தில் ஒரு பெரிய குன்றின் மேல் நேராகப் பாய்ந்தார். கூட இருந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். வண்டியோ புதையாமல், தூக்கி விட்டதுபோல் உச்சிக்குப் போய் நின்றது.

இதில் மாயமொன்றுமில்லை, நாலாம் பாரத்துக் கணக்குத்தான். மூட்டை முடிச்சுகளோடு ஒரு வண்டியின் எடை 6,000 ராத்தல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சக்கரமும் 1,500 ராத்தல் தாங்குகிறது. டயரில் சதுர அங்குலத்துக்கு 30 ராத்தல் காற்று இருந்தால், ஏறக்குறைய 50 சதுர அங்குலம் தரையைத் தொடும். காற்றை 15 ராத்தலாக இறக்கினால் 100 சதுர அங்குலம் தொடும். மணலின் மேல் அழுத்தம் பாதியாகி விடுகிறது. ஒட்டகத்தின் பாதம் அகன்று மெத்தென்றிருப்பதும் இதே காரியத்துக்காகத்தான். இன்னொரு வேடிக்கை: காற்றிறங்கிய டயர் அகலத்தில் பரவுவதைவிட நீளத்தில்தான் அதிகம் பரவுகிறது. ஆகையால் வெறுமே அகலமான டயரை வாங்கிப் போட்டுவிட்டு, காற்றை இறக்க மனமில்லாதவன் காசை மணலில் கொட்டியவனாவான்.

ஸீவாவிலே எங்களை அழைத்துச் சென்ற வண்டிக்காரர் வயதான டொயோட்டா ஒன்று வைத்திருந்தார். என் தொழிலைத் தெரிந்துகொண்டதும் "உஸ்தாஸ்" என்று அழைக்க ஆரம்பித்துவிட்டார். அரபியில் ஆசிரியருக்கு மரியாதைச் சொல் அது. அவர் சக்கரங்களைப் பார்த்ததும் எனக்கு ஆச்சரியம். படங்களில் காணும் முரட்டுப் பல் வைத்த டயர்கள் அல்ல. மேலே பள்ளம் அதிகமின்றி ஏறக்குறைய வழவழப்பாயிருந்தன. விசாரித்தேன். "உஸ்தாஸ், பல் இருந்தால் அது தோண்டும். தோண்டுவதற்கா வந்தோம்?" என்றார். சேற்றுக்குப் பல் வேண்டும். அங்கே மெல்லிய சக்கரம்கூட நல்லது, மேல் சேற்றைக் கிழித்துக்கொண்டு அடியிலுள்ள கெட்டித் தரையைப் பிடிக்கும். இந்த மணலுக்கு அடியில் இருப்பதும் மணல்தானே!

பாலைவனம் முழுவதும் மணல் அல்ல என்பதுதான் பெரிய சங்கடம். குன்றுகளுக்கு முன்னும் பின்னும் கூரிய கற்கள் பரவிய வெளிகள் உண்டு. காற்றிறங்கித் தொந்தி சரிந்த டயரின் பக்கவாட்டைக் கல் சுலபமாகக் கிழித்து விடும். பக்கவாட்டில் விழுந்த கிழிசலைப் பிளாஸ்திரி போட்டுச் சரிக்கட்ட முடியாது. எனவே பக்கவாட்டுக் கனம் பார்த்து வாங்க வேண்டும். ஆனால் ரொம்பக் கனத்தாலோ, டயர் காற்றை இறக்கியும் மடங்காமல் விறைத்துக்கொண்டு நிற்கும். இரண்டுக்கும் நடுவே தேர்ந்தெடுப்பதில்தான் அநுபவம் இருக்கிறது. உட்சக்கரமும் பளபளக்கும் அலுமினியமாக இல்லாமல் இரும்பாக இருந்தால், நசுங்கினாலும் சுத்தியலால் தட்டி நிமிர்த்திக்கொண்டு ஊர் திரும்பலாம். அலுமினியம் வெடித்துவிட்டால் வெடித்ததுதான். செவ்வாய்க் கிரகத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும் கியூரியாஸிட்டி வண்டியின் அலுமினியச் சக்கரங்களையும் கூரிய பாறைகள் பொத்துவிட்டன! அது 2015-ன் கடைசியில் சென்றடைந்த மணற்குன்றுகளுக்குப் பாக்னால்டின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். மணல் காற்றில் பறக்கும் விதத்தைப் பற்றி 1941-ல் அவர் எழுதிய சாஸ்திரீய நூல் அத்தனை தூரம் பிரயாணம் செய்திருக்கிறது.

தோப்பு முடிந்த இடத்தில் வண்டிக்காரர் இறங்கி, நாலு சக்கரங்களிலும் காற்றை இறக்கினார். பிறகு ஏறினோம். காற்றடிக்கும் பக்கத்துச் சரிவு சாய்வாயும், காற்றினாலேயே திமிசு போட்டதுபோல் இறுகியும் இருக்கும். மறுபக்கம் சுமார் 33 பாகைச் செங்குத்தில் உதிரி மணல் வழியும். கீழிருந்து பார்ப்பவனுக்கு உச்சி தெரியுமே தவிர உச்சிக்கு அப்பால் என்ன என்பது தெரியாது. வேகம் குறைந்தால் புதைவோம். கூடினால் உச்சியைத் தாண்டி ஆகாயத்தில் போவோம். 1942 செப்டம்பரில் பாக்னால்டு ஸ்தாபித்த நெடுந்தூரப் பாலைவனப் படையினர் இந்த மணற் கடலைக் கடக்கையில், ஜீப் ஒன்று அப்படித்தான் உச்சியைத் தாண்டிக் கவிழ்ந்து, ஒரு வீரர் முதுகெலும்பு முறிந்தார். அந்தப் படையோடு இந்தியச் சிப்பாய்களின் பிரிவொன்றும் அந்நாட்களில் லிபியப் பாலையில் வேலை செய்தது. நம் நாட்டுச் சரித்திரப் பாடங்களில் அவர்களைப் பற்றி ஒரு வரிகூட நான் கற்பித்ததில்லை, புஸ்தகத்திலேயே இல்லை.

எங்கள் வண்டிக்காரர் உச்சியில் ஒரு சாண் மிச்சம் இருக்கும்போது நிறுத்தி, இறங்கி நடந்துபோய் மறுபக்கத்தை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். ஒவ்வொரு குன்றிலும் அப்படியே செய்தார். இறங்கும்போது வண்டியை இம்மியும் பக்கவாட்டில் திருப்பாமல் நேர் கீழே விட்டார். திருப்பினால் உருளும், மேலும், காற்றிறங்கிய டயர் திடீர்த் திருப்பத்தில் இரும்பு வளையத்தை விட்டே கழன்றுவிடும். பீர் வாஹித் என்ற வெந்நீர் ஊற்றை அடைந்தபோது நன்றாக மாலையாகிவிட்டது. நட்டநடு மணலில் ஆவி பறக்க நீர் ததும்பும் அந்தத் தொட்டியில் ஸ்நானம் செய்கிற சுகத்துக்காகவே மறுமுறை போகலாம்.

திரும்பி வந்து கெட்டித் தரையில் ஏறியதும், இஞ்சினோடு இணைத்த சிறு பம்பினால் வண்டிக்காரர் மறுபடி காற்றேற்ற ஆரம்பித்தார். ஊர் விளக்குகள் எதிரே தெரிந்தன, எல்லோருக்கும் பசி. இப்படியே மெல்லப் போய்விடலாமே என்று ஒருவர் சொன்னார். காற்றில்லாத டயர் ரஸ்தாவில் ஓடினால் உள்ளே சூடேறி வெடிக்கும் என்று அவர் கையாலேயே ஜாடை காட்டிவிட்டு, அளவு முள்ளைப் பார்த்தபடி இரண்டாவது சக்கரத்தண்டை போய் உட்கார்ந்தார்.